ஐம்பது புறாக்கள்

பெங்களூரில் என் அக்கா பையன் ரகு குடியிருக்கும் வீட்டின் பால்கனியில், புறா வராமலிருக்க ஓனரம்மா நைலான் வலை அடித்திருக்கிறார். செலவில் பாதியை ரகுவின் அட்வான்ஸில் கழித்துக்கொண்டாராம். அதே வீட்டு ஹாலில் ரகு பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு புறாவை வாங்கிவந்து மாட்டியிருந்தான்.

ஒரு கல்யாணத்துக்காகப் போன மாதம் நானும் மனைவியும் பெங்களூர் போயிருந்தோம். மாடிப்படியில் கால் வைப்பதற்குள் ஓனரம்மா மடக்கிவிட்டார். கன்னடம் கலந்த தமிழில் ஒரு குற்றப்பத்திரிகை.

“உங்க பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றான் சார். சில நாள் வர்றதேயில்லை. இங்கே வந்து மூணு வருஷமாச்சு, கன்னடத்துல நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேச வரல. தினம் ஒரு பார்சல் வருது. போன்ல என்னமோ பாஷையில பேசறான்.”

“அது தமிழ்தாம்மா.”

“நம்ம தமிழ் மாதிரி இல்லையே?”

அம்பாசமுத்திரத்துத் தமிழை ஓட்டமாகப் பேசினால் எனக்கே பாதிதான் புரியும். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சிரித்து மழுப்பிவிட்டு மேலே ஏறினேன்.

ரகுவின் முகத்தில் தூக்கமில்லை. கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், விலாசம் மாறியிருக்கிறது, எனவே போலீஸ் விசாரணைக்கு வருவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

“ஓனரம்மா ஏதாவது சொல்லித் தொலைச்சா என்ன மாமா பண்றது?”

“அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இது என்னடா?” என்றேன், சுவரைக் காட்டி.

கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக, காலில் சாக்ஸ் போட்ட மாதிரி ரோமத்துடன் உட்கார்ந்திருக்கும் ஒரு புறா. கீழே பென்சிலில் ‘பிக்காஸோ’ என்று கையெழுத்து. இந்தப் பக்கம் 214/500 என்று ஒரு எண். பக்கத்தில் தங்க முத்திரை ஒட்டின சர்ட்டிபிகேட்டையும் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தான். படத்தைவிட சர்ட்டிபிகேட்டின் ஃபிரேம் உசத்தி.

“லிமிடெட் எடிஷன் லித்தோகிராஃப் மாமா. உலகத்திலேயே ஐந்நூறுதான்.”

என் மனைவி கிட்டப் போய்ப் பார்த்தாள். “புறாதானே? வலை அடிக்காம இருந்திருந்தா சும்மாவே வந்திருக்குமே.”

*

மாத்திரை அட்டையில் எக்ஸ்பயரி தேதி படிக்க நான் சட்டைப்பையில் சின்ன லென்ஸ் ஒன்று வைத்திருப்பேன். அதைப் புறாவின் கழுத்தருகே வைத்துப் பார்த்தேன். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, பிசகாத வரிசையில் கறுப்புப் புள்ளிகள். கையெழுத்தைச் சாய்வாக, வெளிச்சத்தில் பார்த்தேன். நிஜப் பென்சில் என்றால் கிராஃபைட் லேசாக மினுங்கும். இது மினுங்கவில்லை. கையெழுத்திலும் அதே புள்ளிகள்.

“ரகு, இது ஆப்செட்.”

“லித்தோகிராஃப்னு போட்டிருக்கானே?”

“ஆப்செட்டும் லித்தோகிராஃபி வம்சம்தான். விற்றவன் பொய் சொல்லல. உண்மையைக் கொஞ்சம் இழுத்து நீட்டியிருக்கான்.”

வாசகர்களுக்கு இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. லித்தோகிராஃபியைக் கண்டுபிடித்தவர் அலாய்ஸ் செனஃபெல்டர். 1771-ல் பிராக் நகரில் பிறந்து, மியூனிக்கில் வளர்ந்தவர். அப்பா நாடக நடிகர். மகன் நாடகம் எழுதினார், அச்சடிக்கத்தான் காசில்லை. தானே மலிவாக அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அம்மா சலவைக்குப் போடும் துணிகளைக் குறித்துக்கொள்ளச் சொன்னாராம். கைக்குக் காகிதம் அகப்படவில்லை. பக்கத்திலிருந்த வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில், மெழுகும் சோப்பும் புகைக்கரியும் கலந்த மையால் கிறுக்கி வைத்தார். இது 1796 வாக்கில். உலகத்தின் மிகப் பெரிய அச்சுத் தொழில் வண்ணான் கணக்கில் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கல்லில் செதுக்கி அச்சடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு வருஷத்தில், செதுக்கவே வேண்டாம் என்று புரிந்துபோயிற்று. விஷயம் ரொம்ப எளிது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டோடுகிறதே, அதேதான். கல்லில் கொழுப்புள்ள சாக்கால் படம் போடு. வேலம் பிசினில் சில சொட்டு அமிலம் கலந்து பூசு. பிறகு தண்ணீரால் நனை. படமில்லாத இடம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். படமுள்ள இடம் தள்ளிவிடும். இப்போது எண்ணெய் மையை ரோலரால் உருட்டு. நனைந்த இடம் மையைச் சேர்க்காது, படம் மட்டும் பிடித்துக்கொள்ளும். காகிதத்தை வைத்து அழுத்து. முடிந்தது. எழுத்து மேடாகவும் இல்லை, பள்ளமாகவும் இல்லை. சமதரை. சண்டை முழுக்க எண்ணெய்க்கும் தண்ணீருக்கும்தான்.

இந்தச் சங்கதி நமக்குப் புதிதல்ல. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பியது இதே கல்லை வைத்துத்தான், நிறத்துக்கு ஒரு கல்லாக. அவர் எண்ணிக்கை போடவில்லை. சாமிக்கு லிமிடெட் எடிஷன் கிடையாது.

பிற்பாடு கல் போய் மெல்லிய உலோகத் தகடு வந்தது. தகட்டிலிருந்து நேராக அடிக்காமல் ரப்பர் உருளை வழியாகக் காகிதத்துக்கு மாற்றினார்கள். அதுதான் ஆப்செட். போட்டோவைப் புள்ளிகளாக உடைத்து அடிப்பார்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையும் அந்த முறையில் பார்த்தால் ஒரு லித்தோகிராஃப்தான். லிமிடெட் எடிஷன் என்று மட்டும் சொல்லமாட்டேன். எடிட்டர் கோபித்துக்கொள்வார்.

வித்தியாசம் இதுதான். ‘ஒரிஜினல் லித்தோகிராஃப்’ என்றால் ஓவியரே கல்லிலோ தகட்டிலோ தன் கையால் போட்டது. அதற்கு முந்தைய ஒரிஜினல் வேறெங்கும் கிடையாது. அச்சில் வருவதுதான் ஒரிஜினல். ஐம்பது அடித்தால் ஐம்பதும் ஒரிஜினல். ஒன்றாம் நம்பர் உசத்தி, ஐம்பதாம் நம்பர் மட்டம் என்றில்லை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பர், கையெழுத்து. ஓவியருக்கென்று நாலைந்து தனிப் பிரதி. அடித்து முடித்ததும் கல்லின் மேல் கீறலோ பெருக்கல் குறியோ போட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் மணல் போட்டுத் தேய்த்து அழித்துவிடுவார்கள். அதன் பிறகு ஐம்பத்தொன்றாவது பிறக்க முடியாது.

மெஷினால் ஐயாயிரம் அடிக்க முடியும் என்கிறபோது ஐம்பதில் நிறுத்துவது கலையா, வியாபாரமா என்று கேட்டால், இரண்டும். எங்கள் ஊர் ஓட்டலில் காலை எட்டு மணிக்கே ‘பொங்கல் தீர்ந்தது’ என்று போர்டு வைப்பார்கள். உள்ளே அண்டாவில் இருக்கும். மறுநாள் ஏழு மணிக்கே க்யூ நிற்கும்.

“அப்ப நிஜப் புறா எத்தனை மாமா?”

“ஐம்பது. உன்னுடையது இருநூத்திப் பதினாலாவது.”

ரகு சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

*

அந்த ஐம்பதின் கதையை அவனுக்குச் சொன்னேன். ஆறுதலுக்காகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக அவன் விவகாரத்திலேயே வந்து முட்டியது.

பாரிஸில் ஷாப்ரோல் தெருவில் ஃபெர்னாண்ட் மூர்லோ என்பவரின் லித்தோ அச்சகம். 1945 நவம்பரில் பிக்காஸோ அங்கே உள்ளே நுழைந்தார். அறுபத்துநாலு வயது, உலகப் புகழ். மாதக்கணக்கில், கிட்டத்தட்ட ஆபீஸ் போகிற மாதிரி, காலையில் போய் வேலை செய்தார். செய்யக் கூடாது என்று கம்பாசிட்டர் பையனுக்குக்கூடத் தெரிந்ததையெல்லாம் செய்தார். சுரண்டினார், ஒட்டினார், மேலே மேலே பூசினார். இதெல்லாம் அச்சில் வராது என்பார்கள் தொழிலாளிகள். பிறகு எப்படியோ வரவழைத்தும் கொடுப்பார்கள். அந்த டிசம்பரில் ஒரு காளையை ஆரம்பித்து, ஜனவரிக்குள் பதினோரு நிலைகளாக மாற்றினார். முதலில் கொழுத்த காளை. கடைசியில் சில கோடுகள். நம்முடைய சம்பளம் பிடித்தங்கள் போகக் கைக்கு வருகிற மாதிரி.

1949 ஜனவரி 9. அன்றைக்குப் போட்டதுதான் புறா. கல்லில்கூட இல்லை, துத்தநாகத் தகட்டில். சாக்கால் வரையாமல், மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசினார். எப்படிக் காயும், எங்கே திரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத முறை. இறகின் வெள்ளைக்குள் அந்தச் சாம்பல் நிழல்கள் கிடைத்தது அதனால்தான். சுமார் 55-க்கு 70 சென்டிமீட்டர். ஐம்பது பிரதி. மாடலாக இருந்தது, அவருடைய சிநேகிதரும் போட்டியாளருமான ஓவியர் மத்தீஸ் பரிசாகக் கொடுத்த ஒரு வளர்ப்புப் புறா. காலில் சாக்ஸ் அந்த ஜாதிக்கு உண்டு.

ஏப்ரலில் பாரிஸில் உலக சமாதான மாநாடு. கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்தியது. போஸ்டருக்குப் படம் வேண்டும் என்று கவிஞர் லூயி அரகான் வந்தார், பிக்காஸோவிடமிருந்த படங்களைப் புரட்டினார், புறாவை எடுத்துக்கொண்டார். பிக்காஸோவுக்குச் சிரிப்பு. பிரெஞ்சில் சாதுவான புறாவுக்கு ஒரு பெயர், கூரையில் அழுக்குப் பண்ணிச் சண்டை போடும் புறாவுக்கு வேறு பெயர். இது இரண்டாவது ரகம். அதைச் சாந்த சொரூபி என்று தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று வேடிக்கை. அவருடைய தாய்மொழியான ஸ்பானிஷில் இந்தத் தகராறே இல்லை. இரண்டும் ‘பலோமா’. நம்முடைய ‘புறா’ மாதிரி.

ஐம்பது பேர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய அந்தப் புறா, போஸ்டராகிப் பாரிஸ் சுவர் முழுக்க ஏறிற்று. ஏப்ரல் 19-ம் தேதி பிக்காஸோவுக்கு மகள் பிறந்தாள். பெயர் பலோமா.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புறா டாங்கியாக மாறுகிற மாதிரி அவர்களும் ஒரு போஸ்டர் போட்டார்கள். ஸ்டாலினின் புறா எப்படிச் சமாதானப் புறாவாகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு விசேஷம் கவனியுங்கள். மாநாட்டுக்கு வரவேண்டிய பலருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் விசா கொடுக்கவில்லை. அவர்கள் எல்லாம் பிராக் நகரில் கூடித் தனியாக ஒரு மாநாடு நடத்தினார்கள். சுவரில் புறா சிறகோடு உட்கார்ந்திருந்தது. ஆட்கள் எல்லையைத் தாண்ட முடியவில்லை.

அந்தப் புறாவைப் போட்டவரிடமும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது.

“பிக்காஸோ பிரெஞ்சுக்காரர் இல்லையா?” என்றான் ரகு.

அவனை விடுங்கள். நானே வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

பிக்காஸோ பிறந்தது ஸ்பெயினில் மலாகாவில், 1881-ல். அப்பாவும் ஓவியர்; அவருடைய ஸ்பெஷாலிட்டி என்ன தெரியுமோ? புறா. பையன் புறாக் கால் வரைந்துதான் கை பழகினான். பத்தொன்பது வயது ஆவதற்குள் 1900-ல் முதல் தடவையாகப் பாரிஸ் வந்தான். பாஷை தெரியாது. பணம் கிடையாது. அடுத்த வருஷம் மறுபடி வந்து, கிளிஷி பூல்வாரில் தன் ஊர்ப்பக்கத்து ஓவிய வியாபாரி ஒருவரின் ஜாகையில் தங்கினான். அந்த வியாபாரி அராஜகவாதி என்று போலீசுக்குச் சந்தேகம். அறையில் கூடத் தங்கினவனும் அராஜகவாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பது போலீஸ் கணக்கு.

1901 ஜூனில் ஒரு ரிப்போர்ட் எழுதினார்கள். யாரை விசாரித்தார்கள்? கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை. அந்த அம்மாள் என்ன சொன்னார்? அரசியல் எதுவும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் ராத்திரி ரொம்ப லேட்டாக வருகிறான், சில நாள் வருவதேயில்லை. பிரெஞ்சு சரியாகப் பேச வரவில்லை. வெளிநாட்டிலிருந்து கடுதாசும் வேற்று பாஷைப் பத்திரிகையும் வருகிறது.

இந்த இடத்தில் ரகு எழுந்து, வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

அதிலிருந்து, அராஜகக் கூட்டாளி, கண்காணிக்கப்பட வேண்டியவன் என்று முடிவு கட்டினார்கள். ஃபைல் திறந்தாகிவிட்டது. பையன் வளர்ந்து, ஓவிய உலகத்தையே புரட்டிப் போட்டு, பணமும் பேரும் சேர்த்தான். ஃபைலும் கூடவே பருத்தது. ஆனாலும் அவர் வெளிநாட்டுக்காரர்தான். போட்டோவும் கைரேகையும் ஒட்டின வெளிநாட்டவர் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டு காலம் தள்ளினார்.

1939-ல் ஸ்பெயின் ஃபிராங்கோவின் கைக்குப் போயிற்று. 1937-ல் ‘குவெர்னிகா’ வரைந்தவருக்கு அங்கே திரும்பிப் போகிற வழி அடைந்துவிட்டது. இந்தப் பக்கம் ஹிட்லர். பயந்துபோய், 1940 ஏப்ரல் 3-ம் தேதி பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சிபாரிசுக்குப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள்.

மே மாதம் உளவுப் பிரிவு ரிப்போர்ட் வந்தது. 1914 யுத்தத்தில் இவர் பிரான்ஸுக்கு எந்தச் சேவையும் செய்யவில்லை. கம்யூனிசத்தின் பக்கம் சாய்கிறார். தவிர, 1901-லேயே அராஜகவாதி என்று குறிக்கப்பட்டவர். ஆகவே தகுதியில்லை.

முப்பத்தொன்பது வருஷம்! கதவைத் திறந்துவிட்ட அம்மாளின் வம்புப்பேச்சு முப்பத்தொன்பது வருஷம் ஃபைலில் உட்கார்ந்திருந்து, சரியான சமயத்தில் எழுந்து கையைத் தூக்கிற்று. அடுத்த மாதம் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது. பிக்காஸோ வெளிநாட்டு அட்டையோடு அங்கேயே நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

மனு தள்ளப்பட்டதை அவர் வெளியே சொல்லவில்லை. அவமானமாக இருந்திருக்கும். நமக்கு இன்டர்வ்யூவில் கிடைக்காவிட்டால், ‘நான்தான் வேண்டாம்னுட்டேன்’ என்று சொல்கிறோம். அதுகூடச் சொல்லவில்லை. அந்த ஃபைல் பிற்பாடு ஜெர்மானியர் கையில் சிக்கி, அவர்களிடமிருந்து ரஷ்யர்கள் பிடுங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், பல வருஷம் அங்கே கிடந்து, ஒருவழியாகப் பாரிஸ் திரும்பியது. 2003-ல் அந்த ஃபைலைப் பற்றிப் புத்தகமே வந்தது. அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து. விசா இல்லாமல் மூன்று தேசம் சுற்றின ஃபைல் அது.

ஆளுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 1950-ல் சமாதானக் குழு ஒன்றோடு அமெரிக்கா போக விசா கேட்டார். கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவருடைய ‘குவெர்னிகா’ எங்கே இருந்தது? நியூயார்க் மியூசியத்தில். அதே நவம்பரில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இரண்டாவது சமாதான மாநாடு. பிக்காஸோவை உள்ளே விட்டார்கள். விஞ்ஞானி ஜோலியோ க்யூரி உட்படப் பலரை விடவில்லை. மாநாட்டையே வார்ஸாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஷெஃபீல்டில் பிக்காஸோ பெரிய பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. அப்பா தனக்குப் புறா வரையக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லி, தான் எந்தப் பக்கம் என்று ரெண்டு வரியில் முடித்துக்கொண்டார்.

1973 ஏப்ரல் 8-ம் தேதி தெற்கு பிரான்ஸில் இறந்தார். அதுவரை அவர் ஸ்பெயின் பிரஜை.

அப்புறம் நடந்ததுதான் உச்சம். வாரிசுகள் சொத்து வரி கட்ட வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி பணத்துக்குப் பதிலாகக் கலைப்பொருளையும் வரியாகக் கட்டலாம். 1979-ல் அரசாங்கம் அவருடைய ஓவியங்களையும் சிற்பங்களையும் அச்சுகளையும் நூற்றுக்கணக்கில் வரியாக வாங்கிக்கொண்டது. அவற்றை வைக்க ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து, 1985-ல் மியூசியம் திறந்தது. ‘தகுதியில்லை’ என்றவரின் பெயரிலேயே மியூசியம். உள்ளே போக டிக்கெட்.

*

கதை முடிந்ததும் ரகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இதைத் திருப்பி அனுப்பிடவா மாமா?”

“ரிட்டர்ன் எடுத்துப்பானா?”

“லிமிடெட் எடிஷனுக்கு ரிட்டர்ன் கிடையாதாம்.”

“அப்ப இருக்கட்டும். சர்ட்டிபிகேட்டை மட்டும் கழட்டு. அந்த ஆணியில காலண்டர் மாட்டிக்கோ. பாரிஸ் ஜனங்க பார்த்ததும் போஸ்டரைத்தான். அந்த ஐம்பதில் ஒண்ணை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?”

அவன் சமாதானமான மாதிரி தெரிந்தது. ஆனால் ராத்திரி பால்கனியில் நின்றுகொண்டு, வலை வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் தூக்கம் வரவில்லை. லித்தோ கல்லில் எழுதினதை மணல் போட்டுத் தேய்த்தால் அழிந்துவிடுகிறது. மறுநாள் அதே கல்லில் வேறொருவன் வேறு படம் போடலாம். கல்லே அப்படி விட்டுக்கொடுக்கிறபோது, ஒரு மனிதனைப் பற்றி எவரோ காகிதத்தில் எழுதின ஒரு வரியைத் தேய்க்க மட்டும் மணல் கிடைப்பதில்லை.

மறுநாள் காலை நாங்கள் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழே பைக் வந்து நின்றது. கான்ஸ்டபிள். கையில் ஒரு ஃபைல். ரகுவைக் கூப்பிட்டு, பெயர், வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டார். கையெழுத்து வாங்கினார். பிறகு ஓனரம்மாவிடம் திரும்பினார். ரகுவுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் பாதிப் படியில் நின்றுகொண்டேன். கன்னடத்தில் கேட்டார், கன்னடத்தில் பதில் வந்தது. பெங்களூரில் பத்து வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குப் புரிந்தது.

“பையன் எப்படிம்மா?”

“லேட்டாதான் வருவான்,” என்றார் ஓனரம்மா.

எனக்குப் பக்கென்றது.

“ரெண்டு மணியாகும். ஆனா கேட்டைச் சத்தம் போடாம சாத்துவான். போன வருஷம் எங்க வீட்டுக்காரருக்கு நடுராத்திரி நெஞ்சுவலி வந்தது. தெருவுல முழிச்சிருந்தது இவன் ஒருத்தன்தான். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தது இவன்தான். பாஷைதான் வராது.”

கான்ஸ்டபிள் தலையாட்டிக்கொண்டே ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். மூடினார். பைக் கிளம்பிப் போயிற்று.

அந்த அம்மா சொன்னதில் எந்தப் பாதியை எழுதினார் என்று தெரியவில்லை. லென்ஸ் என்னவோ சட்டைப்பையில்தான் இருந்தது. எட்டிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.